வெறும் கதிரைக்கு விழுந்த சீட்டு

தொண்ணூறுகளில், இத்தாலியில் வேலைசெய்த எங்களுக்கு வியாழன் மதியங்கள் ஓய்வு. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு கட்டடத்தைக் காவல் காத்த அண்ணரின் அறையில், நெருப்புக்குச்சிகளை வைத்துப் போக்கர் ஆடுவோம். மெலிந்த மனிதர். சீட்டுப் போடுமுன் விரல்நுனிகளைச் சட்டையில் துடைப்பார்.

பலெர்மோவில் ஆள் குறைந்தால் சீட்டையும் குறைப்பார்கள். ஐந்து பேருக்கு ஆறிலிருந்து மேலே; நாலு பேரென்றால் ஆறாம் இலக்கச் சீட்டுகளும் வெளியே போகவேண்டும். எங்களில் ஐந்தாமவன் இறந்த பிறகு நாங்கள் நால்வர். ஆனால் அண்ணர் ஆறுகளை எடுக்கவில்லை. அவனுடைய வெறும் கதிரைக்கும் ஐந்து சீட்டுப் போட்டார்.

“என்னண்ணை இது?”

“திறந்து ஆடுற தெலெசீனாவிலை அதிர்ஷ்டம் ஒவ்வொரு சீட்டா வரும், பாத்து விலகலாம். இந்த மூடின ஆட்டத்திலை ஒரேயடியா ஏறும், ஒரேயடியா இறங்கும். சமனாகிறதுக்குக் கனகாலம் இருக்கவேணும், தம்பி. அவன் இருக்கேல்லை. ஒருநாளும் வெல்லேல்லை.”

வாரக்கணக்கில் கதிரை தோற்றது. ஒரு வியாழன் அதன் சீட்டுகளைப் புரட்டினார். நாலு ராசா. முதல்முறையாகக் கதிரை வென்றது.

அவர் ஆறாம் சீட்டுகள் நான்கையும் பொறுக்கி ஒதுக்கினார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, ஓராள் வெளியேறும் அளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ஏன் காலை ஒடுக்கி வழிவிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.