கிண்ணம் வைக்காத வட்டம்

சாரெமா தீவில் மைமுவுக்கு முதுகைக் காட்டாத ஆள் அபூர்வம். வாரநாளில் அவள் சுகாதார நிலைய நர்ஸ். சனிக்கிழமையானால் சவுனாக் குளியலறையின் நீராவியில் வெந்து சிவந்த முதுகுகளில் கண்ணாடிக் கிண்ணங்களைக் கவிழ்த்து, கெட்ட ரத்தத்தை உறிஞ்சி இழுப்பவள். ஆளுக்கு எட்டுக் கிண்ணம். எடுத்தால் எட்டுச் சிவப்பு வட்டம், பத்து நாளில் மறைந்துவிடும். நிலையத்து டாக்டருக்கு இது அறவே பிடிக்காது. அதற்காக அவள் விட்டுவிடுவாளா என்ன! கேள்வி கேட்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "பல்வலின்னு போனா பாட்டன் பேரைக் கேப்பா" என்று ஊர் அலுத்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் கடைசியில், பள்ளிப் பேருந்து ஓட்டும் வெல்லோ கடைவாசலில் மயங்கி விழுந்தான். வயது நாற்பத்தாறு. நாடி நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. இதயத்தின் மேலறை போடும் உத்தரவு கீழறைக்குப் போய்ச் சேரவில்லையாம். நகர ஆஸ்பத்திரியில் இதயத்தைத் துடிக்க வைக்கத் தற்காலிகமாக ஒரு மின்கம்பியைச் செலுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை அதே வேலைக்கு நிரந்தரமாகப் பேஸ்மேக்கர் கருவி பொருத்துவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மைமு புகையிட்ட மீனோடு பார்க்கப் போனாள். மனைவி ஹில்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே பஸ்ஸை யாரு என்கிட்ட குடுப்பாங்க?" என்றான் வெல்லோ. அவன் கண் கலங்கி மைமு பார்த்ததே இல்லை.

"உண்ணி கடிச்சுதா?" என்றாள் மைமு.

"இந்தத் தீவுல உண்ணி கடிக்காதது பாறாங்கல்லு மட்டும்தான். டாக்டரும் கேட்டாங்க. சிவப்பா வளையம் வந்துச்சான்னாங்க. இல்லைன்னுட்டேன்."

"ஜூலையில எப்படி இருந்தே?"

"ஜுரம். சளிதான்னு ராஸ்பெர்ரி ஜாமைச் சுடுதண்ணியில கரைச்சுக் குடிச்சேன்."

"அப்புறம்?"

"தோள் குத்துச்சு. வைக்கோல் தூக்கினதுல பிடிச்சிருக்கும். அப்புறம் முட்டி வீங்குச்சு. வயசாச்சுன்னு இவ சொன்னா. ஏம்மா, நீ போலீஸ்ல சேந்துட்டியா?"

ஜுரம், தோள், முட்டி, இப்போது இதயம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே உண்ணியின் வேலையாக இருந்தால்? உண்ணி கடித்த இடத்தில் சிவப்பு வளையமிட்டு நுழையும் லைம் நோய், உடம்புக்குள் இப்படித்தான் வீடு மாறி வீடு மாறிக் குடியிருக்கும். அப்படியென்றால் மருந்திலேயே இதயம் திரும்பும், பேஸ்மேக்கரே வேண்டாம். மைமுவுக்குப் பரபரவென்று வந்தது.

"ஹில்யா, இவன் முதுகுல ஏதாவது பாத்தியா?"

"முதுகுலயா? எப்பவும் உன் கிண்ணத்துத் தடம்தானே இருக்கும்!"

மைமுவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஜூலை இரண்டாம் சனிக்கிழமை. வலத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு சிவப்பு வளையம். "போன தடவை வச்சதே மறையலை, உன் ரத்தம் சுத்தச் சோம்பேறி" என்று திட்டிவிட்டு, அதன் நடுவிலேயே முதல் கிண்ணத்தை வைத்தாள். போன தடவை வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வளையமோ உள்ளங்கை அகலம். அவள் கிண்ணம் அதில் பாதிகூட இல்லை. அட மண்டூகமே!

சொன்னால் சனிக்கிழமைக் கதை ஆஸ்பத்திரி வரை ஏறும், வேலைக்கும் ஆபத்து. நடைக்கூடத்தில் ஒரு காப்பியைக் குடித்துத் தீர்த்துவிட்டு ஆஸ்பத்திரி டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீங்க நர்ஸ்தானே?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர்."

அவர் அதற்குமேல் திட்டவில்லை. ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல் அன்று மாலையே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார், திங்கட்கிழமை அறுவையைத் தள்ளி வைத்தார். செவ்வாயன்று நாடி ஐம்பதைத் தாண்டியது. ரத்தமும் லைம் என்றே சொன்னது. அடுத்த சனிக்கிழமை கம்பியை எடுத்துவிட்டார்கள்.

அன்று மைமு வந்ததும் ஹில்யா எழுந்து வெளியே போய்விட்டாள். டாக்டர் வளையத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

"நீ பாத்தியாமே அதை?" என்றான் வெல்லோ.

"பாத்தேன். அதுமேலயே கிண்ணத்தையும் வச்சேன்."

அவன் போர்வையை ஒதுக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"எனக்கு முதுகுல கண்ணு கிடையாது மைமு. அதுக்காகத்தான் உன்கிட்ட காட்டுனேன்."

மைமு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அவன் அழ விட்டான். அவள் மூக்கைச் சிந்தி முடித்ததும் நாடி பார்க்கச் சொல்லி மணிக்கட்டை நீட்டினான். ஒரு முழு நிமிடம் எண்ணினாள். எழுபத்திரண்டு.