கத்திரிக்குக் காவலிருந்த மல்லி

வெயிலேறும் நேரத்தில் கொத்தமல்லித் தழையைக் கையில் கசக்கினால் மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான வாசனைதான், வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லிக்குப் பக்கத்து நூம்பலில் எங்கள் நைனா குத்தகைக்குப் பயிரிட்ட "கொல்லை" முழுக்க. கத்திரி இரண்டு வரிசை, மல்லி ஒரு வரிசை என்று வைப்பார். ஆனால் ஒரு கொத்துக் கிள்ள விடமாட்டார். அத்தனை மல்லி இருந்தும் எங்கள் வீட்டு ரசம் மொட்டையாகத்தான் கொதித்தது. "மல்லி வாசனை கீற வரிக்கும் பூச்சிக்குக் கத்திரி எங்க கீதுன்னே தெரியாது" என்பார். ஊரார் அவரை "மல்லிப் பைத்தியம்" என்று சிரித்தார்கள். புழு என்னவோ அவர்கள் காயில்தான் இருந்தது.

நிலத்துக்காரர் வீடு பூந்தமல்லியில். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. முதல்நாள் நான் கத்திரிக்காய்க் கூடையோடு போனபோது, மழையில் சந்தைக்குத் தழையே வரவில்லை என்று அந்த வீட்டம்மா சமையல்காரரிடம் அலுத்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. "எங்க கொல்லைல நெறைய கீதும்மா" என்று நானே முந்திக்கொண்டேன். "கெட்டிக்காரப் பொண்ணுடி நீ" என்று கையில் ஓர் அதிரசம் வைத்தார். பெருமை பிடிபடாமல் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அன்று சாயங்காலமே ஆட்கள் வண்டியோடு வந்து மல்லி முழுவதையும் வேரோடு பிடுங்கிப் போனார்கள். "வேணான்னு எப்டி சொல்றது? நெலமே அவுங்களுது" என்று நைனா வரப்பில் நின்றார். யார் சொன்னது என்றுகூட அவர் கேட்கவில்லை. அம்மாதான் விசாரித்துத் தெரிந்துகொண்டு என் முதுகில் நான்கு வைத்தாள்.

மூன்றாம் வாரம் கத்திரிக் கொழுந்துகள் தலை தொங்கின. பிறகு காய்க்குக் காய் ஓட்டை. சொத்தைக் காயைக் கண்ட நிலத்துக்காரர், தை பிறந்ததும் குத்தகையை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். அதே கொல்லையில் நைனா கூலிக்குக் களை வெட்டப் போனார். என் வாயின்மேல் அன்று எனக்கு வந்த வெறுப்பு இன்றும் குறையவில்லை.

இப்போது அங்கே கொல்லையும் இல்லை, கிணறும் இல்லை, மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். ஒருநாள் பார்த்துவரப் போனேன்; விற்பவர் அந்த நிலத்துக்காரரின் பேரன். நான் இன்னார் மகள் என்று தெரிந்ததும், "உங்க நைனா சோம்பேறியாமே, பயிரைப் புழுவுக்கு உட்டுட்டாருன்னு தாத்தா சொல்வாரு" என்றார் சிரித்தபடி. "இல்ல தம்பி, உங்க ஊட்டு விருந்துக்குத்தான்..." என்று தொடங்கினேன். அதற்குள் மனை பார்க்க யாரோ வந்துவிட, எழுந்து போய்விட்டார். உழைத்து உழைத்தே செத்த என் நைனா, அந்தக் குடும்பத்தில் சோம்பேறியாகவே நிலைத்துவிட்டார்.