பங்காருவின் தங்கச்சி

என் மாமியார் குப்பம்மாள் யாரிடமும் காலணா கடன் வாங்கியவர் அல்ல. ஆனால் உலகச் சண்டைக் காலத்தில் திருத்தணியில் கடன் பாக்கிக்காக அவரைப் போலப் பேச்சு வாங்கியவர் வேறு யாருமில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவர் விஷயத்தில் அப்படியே பலித்தது. அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்து அழுதார் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தைக்குக் கோபம் வந்தால் மூக்குத்தி தனியாக மின்னும்.

கணவர் இறந்ததும் பங்காளிகள் நிலத்தை வளைத்துக்கொண்டார்கள். அத்தை தன் மகள் அம்முவைக் கூட்டிக்கொண்டு கிராமத்தை விட்டுத் திருத்தணிக்கு வந்தார். விடியற்காலையில் தோட்டங்களுக்குப் போய்க் கத்திரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கி வந்து சந்தையில் விற்பார். மலையடிவாரத்துச் சந்து ஒன்றில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. வாடகை குறைவாக இருக்கிறதே என்று அத்தை சந்தோஷப்பட்டார். ஏன் குறைவு என்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

அந்த வீட்டில் முன்பு இருந்தவன் பங்காரு. யாரோ ஒரு காண்டிராக்டரிடம் கணக்கு எழுதியவன். மளிகை, பால், விறகு, பெண்டாட்டிக்குச் சேலை என்று எல்லாவற்றையும் கடனிலேயே வாங்கிக் குடும்பம் நடத்தினான். ஊரை விட்டுப் போகும்போது கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "என் தங்கச்சி இந்த வீட்டுக்குக் குடி வர்றா. பாக்கி எல்லாம் அவ தீர்த்துடுவா." அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. அடுத்துக் குடி வருகிறவள் எவளோ அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவனுக்கு ஈடு கிடையாது.

வசூலுக்கு வந்தவர்களில் பெரியவர் துளசிங்கம். கடைத்தெரு மளிகைக் கடையின் வசூல் குமாஸ்தா. நெடிய உருவம், கையில் எப்போதும் கறுப்புக் குடை. வாசற்படிக்கு எதிரே குடையை ஊன்றி நின்றுகொள்வார். வீட்டுக்குள் வரமாட்டார், திட்டமாட்டார், அடிக்கவும் மாட்டார். மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பங்காரு தங்கச்சி! பாக்கி இன்னா ஆச்சு?"

அத்தை வெளியே பாய்ந்து வருவார். "எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தனும் கெடையாது! இருந்திருந்தா நான் ஏன் சந்தையில கத்திரிக்கா வித்துகினு கிடக்கப் போறேன்?"

"எல்லாத் தங்கச்சியும் இப்படித்தாம்மா சொல்றாங்க" என்பார் துளசிங்கம், நிதானமாக.

அத்தை வாசல் தெளிக்கிற சாக்கில் அவர் காலைப் பார்த்துத் தண்ணீர் வீசுவார். அவர் குடையை இரண்டடி தள்ளி ஊன்றிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். பால்கார கஜபதியும் வருவார். ஆனால் அவர் பயந்த சுபாவம். துளசிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஆங், பாலுக்கும்" என்று மட்டும் சொல்வார். சந்துக்காரர்களுக்கு இது தினசரிக் கூத்து. எனக்கு இதையெல்லாம் பிற்பாடு நடித்துக் காட்டியவள் அம்மு. கஜபதி மாதிரி அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும்!

அப்போது நான் அரக்கோணம் ரயில்வேயில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் நைனா பச்சையப்பன் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்தார். தரகர் மூலம் அம்முவின் ஜாதகம் வந்தது, பொருந்தியது. நைனாவுக்கு வரதட்சணை ஆசையெல்லாம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். மாப்பிள்ளை வீட்டுத் தாம்பூலத் தட்டைப் பெண்ணின் தாய்மாமன்தான் கைநீட்டி வாங்க வேண்டும். "நாளைக்கு நல்லது கெட்டதுக்கு வந்து நிக்க ஒரு கை வேணும்டா" என்பார். தட்டை வாங்குகிறவன்தான் பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். அது எங்கள் பக்கத்துச் சட்டம். அதை மீறினவன் பந்தியில் உட்கார முடியாது.

தை மாதம் ஒரு நல்ல நாளில் பெண் பார்க்கப் போனோம். பிடித்துப் போனால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்று வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு போனோம். அம்மு வெல்லம் போட்ட காப்பி கொண்டு வந்தாள். சர்க்கரை ரேஷனில் கூடக் கிடைக்காத காலம். அந்தக் காப்பியில் புகை வாசனை அடித்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்து அடக்கிக்கொண்ட சிரிப்பில் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் மலைமேல் போய் மொட்டை அடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவேன் என்று முடிவு செய்தேன்.

நைனா தொண்டையைச் செருமினார். "பொண்ணைப் புடிச்சிருக்குது. தட்டை யார் வாங்குறாங்க? தாய்மாமன் பங்காருன்னு ஊர்ல சொன்னாங்களே, எங்க அவரு?"

அத்தையின் முகம் வெளுத்தது. "பங்காரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லீங்க."

நைனா யோசித்தார். ஒன்று, கடன் வைத்துவிட்டு ஓடிய அண்ணனை இந்த அம்மாள் மறைக்கிறாள். இல்லையென்றால் இந்தப் பெண்ணுக்கு நாதியே இல்லை. இரண்டில் எதுவுமே அவருக்குப் பிடிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப இன்னொரு நாள் பாக்கலாம்மா" என்று எழுந்தார். அந்த இன்னொரு நாள் வரவே வராது என்பது எனக்குத் தெரியும். அம்மு கதவோரம் அசையாமல் நின்றாள்.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் இடி இடித்தது.

"பங்காரு தங்கச்சி! பாக்கி இன்னா ஆச்சு?"

வேறு யாராவது இருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியிருப்பார்கள். அத்தைக்குத் தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது. இனி சாண் என்ன முழம் என்ன? விடுவிடுவென்று வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"யோவ்! மாசக்கணக்கா தெருவுல நின்னுகினு தங்கச்சி தங்கச்சின்னு வாய் நிறையக் கூப்பிட்டியே, இன்னிக்கு உள்ள வா! என் பொண்ணுக்குத் தட்டு வாங்க ஒரு ஆம்பளை இல்ல. கூடப் பொறந்தவன் இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேனா? நீதான் என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்ட ஒரே ஆளு. வா, வந்து அண்ணனா உக்காரு. இல்லைன்னா இனிமே அந்த வார்த்தையை என் வாசல்ல சொல்லாதே!"

கஜபதி துளசிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் இன்னும் சுருங்கினார்.

துளசிங்கம் அத்தையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கதவோரம் நின்ற அம்முவைப் பார்த்தார். அந்த மனிதர் எத்தனையோ வீட்டு வாசலில் நின்றவர். உள்ளே வா என்று அதுவரை ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. குடையை வாசற்சுவரில் சாத்திவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கால் கழுவத் தண்ணி இருக்குதா, தங்கச்சி?"

அத்தை செம்பை நீட்டினார். இந்தத் தடவை வீசவில்லை.

உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். அவர் எங்கள் ஆள்தானா என்று நைனா மெல்ல விசாரித்தார். சோளிங்கர் பக்கம், ஆமாம், நம்மவர்தான். பேசப் பேசத் தூரத்து உறவுகூட ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் சீமையில் அரைமணி நேரம் பேசினால் யாரும் யாருக்கும் சொந்தமாகிவிடலாம். நைனாவுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. துளசிங்கம் இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"சம்பந்தி, வைகாசியில கல்யாணம். தாய்மாமன் சீரு குறை இல்லாம வந்துடணும்" என்றார் நைனா.

துளசிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வசூலுக்கு வந்த இடத்தில் கடனாளியாகி உட்கார்ந்திருக்கிறோம் என்று. எழுந்து போகிற அவசரத்தில் குடையை வாசலிலேயே மறந்துவிட்டார்.

மறுநாள் கஜபதி தனியாக வந்தார். "ஏம்மா, நீ துளசிங்கத்துக்குத் தங்கச்சின்னா பங்காருக்கு எப்படித் தங்கச்சி ஆவே?" என்று தானே கேட்டு, தானே தலையாட்டிக்கொண்டு, அரைப்படி பாலை வைத்துவிட்டுப் போனார். விறகுக்காரனும் வருவதை விட்டான். ஊரே பார்க்கத் தட்டு வாங்கிய பிறகு அதில் பேச்சு ஏது?

ஆனால் துளசிங்கமும் வரவில்லை. மாசி போனது, பங்குனி போனது. குடை மூலையில் சாத்தியபடியே இருந்தது. அவரும் பங்காரு மாதிரி நழுவிவிட்டார் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். சித்திரையில் நைனா ஆள் அனுப்பினார். சீர் வருமா வராதா, அது தெரியாமல் பந்தக்கால் நட மாட்டேன் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. அரக்கோணத்திலிருந்து ஓடிவந்து நானே ஒரு சேலை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அத்தை அப்படியெல்லாம் யோசிக்கிறவர் அல்ல. குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். சாயந்தரக் கூட்டம் நெரிகிற நேரம். மளிகைக் கடைக்கு நேர் எதிரே குடையை ஊன்றி நின்றார்.

"துளசிங்கண்ணா! பாக்கி இன்னா ஆச்சு?"

கடை முதலாளி நிமிர்ந்தார். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த தராசு அப்படியே நின்றது. துளசிங்கம் கைகூப்பாத குறையாக இறங்கி ஓடி வந்தார்.

"மெதுவா, தங்கச்சி. நாலு பேர் பாக்குறாங்க."

"நாலு பேர் பாக்கணும்னுதானே அண்ணா வாசல்ல நிக்கிறது?"

துளசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "நான் மறந்துட்டேன்னு நெனைச்சியா? ஒண்டிக்கட்டை நான். பொண்டாட்டி புள்ள கெடையாது, யாருக்கும் ஒரு சீரும் செஞ்சதில்ல. எத்தனை தட்டு வைக்கணும், என்னென்ன வைக்கணும்னு யாரைக் கேக்குறது? அது தெரியாம உன் வாசல்ல எப்படி வந்து நிப்பேன்?"

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபத்தோடு வந்தவர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சேலை, வளையல், மாலை, தேங்காய், பழம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முதலாளி இடையில், "அப்ப பங்காரு பாக்கி?" என்று கேட்டார்.

"அந்த வீட்டுக்கு இனிமே வேற ஆளை அனுப்புங்க முதலாளி. தங்கச்சி வீட்டு வாசல்ல என்னால வசூலுக்கு நிக்க முடியாது" என்றார் துளசிங்கம். வேறு ஆளும் போகவில்லை. முதலாளியும் மனிதர்தானே.

வைகாசியில் மலைமேல் எங்கள் கல்யாணம் நடந்தது. துளசிங்கம் படியேறி வந்த காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முன்னால் மேளம். பின்னால் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடைப் பையன்களும் கஜபதியும். நடுவில் அம்முவுக்கு வெயில் படாமல் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு அவர். "தாய்மாமன் சீரு வருது, வழி விடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேளக்காரர் ஒரு அடி தவறினார். நைனா என் காதில், "பாத்தியாடா, இதுதான் கை" என்றார்.

ஆடிக்கு அம்முவைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக நான் கொஞ்சம் தாமதம் செய்தேன். ஒருநாள் காலையில் ரயில்வே லைன் வீட்டு வாசலில் குடை ஊன்றுகிற சத்தம் கேட்டது. "மாப்ளே! எங்க பொண்ணு இன்னா ஆச்சு?" வட்டிக்கு விடும் பட்டாணிக்காரரிடம் நான் கடன் வாங்கிவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மு சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினாள்.

அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று அம்மையார்குப்பத்திலிருந்து நெசவாளி வீரபத்திரன் அத்தை வீட்டுக்கு வந்தார். பங்காரு பெண்டாட்டிக்குச் சேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர். அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது. "அம்மா, உங்க அண்ணன் சேலைப் பாக்கி..." என்று இழுத்தார்.

நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அத்தை சத்தம் போடவில்லை. "எங்கண்ணனா? கடைத்தெரு மளிகைக் கடையில இருக்காரு. போய்க் கேளுங்க" என்றார்.

வீரபத்திரன் போனார். போனவரைக் காப்பி வாங்கிக் கொடுத்துத் துளசிங்கமே திரும்பக் கூட்டி வந்தார். "ஆங், நான்தான் அண்ணன். ஆனா அந்தச் சேலையைக் கட்டினவ என் பொண்டாட்டி இல்லையே, ஐயா!" என்று அவர் சொல்ல, வீரபத்திரனே சிரித்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு அத்தையிடம் கேட்டேன். "ஏன் அத்தை, பங்காரு என் அண்ணன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அண்ணன் இல்லைன்னு சொல்ல இப்ப வாய் வரல, மாப்ளே."