கால்பங்கு இரிடியம்

மாரீஸ்வரி பூச்சு வேலையில் இறங்கிவிட்டால் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் யாரும் தும்மக்கூட மாட்டோம். தும்மினால் அவள் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது.

வலையபட்டியில் விவசாயக் குடும்பம். பாலிடெக்னிக் முடித்து, காரைக்குடியில் எங்களிடம் ஒப்பந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் செல்லுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கம் இரிடியம் பூச வேண்டும். தங்கத்தைவிட அரிதான உலோகம். ஊருக்கெல்லாம் ஹைட்ரஜன் எடுக்க அது எங்கே கிடைக்கும்? வழக்கமான அளவில் கால்பங்கு போதுமா என்று பார்ப்பதுதான் எங்கள் விஞ்ஞானி காசிவிஸ்வநாதனின் இரண்டு வருஷப் பாடு. அவ்வளவு மெல்லிசாக, திட்டு விழாமல் பூசுவது மாரீஸ்வரியின் கைக்குத்தான் வந்தது. செல் ஆயிரம் மணி நேரம் தளராமல் ஓட வேண்டும்.

அறுநூறு மணி நேரம் சமர்த்தாக ஓடியது. பிறகு மின்னழுத்தம் ஏறத் தொடங்கியது. அதே ஹைட்ரஜனுக்குக் கூடுதல் மின்சாரம் கேட்கிறது என்று அர்த்தம். நாலு நாள் பார்த்த காசிவிஸ்வநாதன், கால்பங்கு போதாது, முழு அளவுக்கே திரும்பலாம் என்று அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் மாரீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தவள், சுத்தத் தண்ணீர் ஊற்றுவதற்காகச் செல்லின் தொட்டியைத் திறந்திருக்கிறாள். பிள்ளைக்குப் பூசுவதுபோல அதற்கும் திருநீறு பூசியிருக்கிறாள். ஒரு சிட்டிகை உள்ளே விழுந்துவிட்டது. முருகன் திருநீறுதானே, என்ன செய்துவிடும் என்று மூடிவிட்டாள். சாம்பலில் இருக்கும் உப்பு சவ்வுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் பக்தி முந்திக்கொண்டது. இப்போது சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பழி கால்பங்கின் மேல் விழும்.

நேரே காசிவிஸ்வநாதன் மேசைக்குப் போனாள்.

“சார், எழுதாதீக. பூச்சு மேல தப்பில்ல. தண்ணித் தொட்டியில நாந்தான் திருநீறக் கொட்டிட்டேன்.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றவர், செல்லைக் கழற்றி அமிலத்தில் அலசச் சொன்னார்.

அலசி மாட்டியதும் மின்னழுத்தம் பழைய இடத்துக்கே இறங்கியது. அவர் அறிக்கையைக் கிழித்துப் போட்டார். அதன் பிறகு அவளைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். தப்பு நடந்த சோதனை கணக்கில் வராது, புதுச் செல் செய்து முதல் மணி நேரத்திலிருந்து ஓட்ட வேண்டும் என்றார். அறுநூறு மணி நேரம் போச்சே என்று எனக்கு ஆற்றாமை. வேலை போகவில்லை என்ற நிம்மதியில் மாரீஸ்வரி அழுதே விட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவரெதிரே நின்றாள்.

“எப்படியும் மொதல்லருந்துதான ஓட்டப் போறீக சார். இந்தத் தடவ இன்னுங் கொஞ்சம் கொறச்சே பூசிப் பாப்பமா?”

காசிவிஸ்வநாதன் அவளையே பார்த்துவிட்டு, எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டார்.