டப்பாவின் பின்பக்கம்

செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யூசுப் பாயின் மகள் யாஸ்மின் போனில், "மாமா, அத்தா போயிட்டாரு" என்றாள். சரிம்மா என்றேன். பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கணினி வைத்திருப்பவர்களுக்கு யூசுப் பாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பட்டுப்புடவைகளுக்குக் கணினியில் பார்டர் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. என் பழைய கணினி விண்டோஸைத் தாங்காமல் திணறியபோது, அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்தவர் அவர். அன்று முதல் வாரம் ஒரு முறையாவது சண்டை போட்டோம்.

அந்தக் கணினியில் வைஃபை கிடையாது. யூஎஸ்பியில் சொருகும் வைஃபை அடாப்டர் ஒன்றை அவரைக் கேட்காமல் வாங்கினேன். கூடவே ஒரு சிடி கொடுத்தார்கள். லினக்ஸ் இரண்டையுமே மதிக்கவில்லை. அடாப்டரை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டுமாம். இணையம் வர அந்த டிரைவர் வேண்டும். பாய் தன் போனைக் கேபிளில் மாட்டி, அதன் நெட்டில் இறக்கிப் போட்டார். அடுத்த அப்டேட்டில் அது மறுபடி படுத்துக்கொண்டது. "தனியா டிரைவர் கேக்கறது வாணாம் செல்வம். லினக்ஸ்லயே டிரைவர் இருக்கற சிப்பா பாத்து வாங்கணும். டப்பால இருக்கற பேர நம்பாத, உள்ள இன்னா சிப்பு இருக்குதுன்னு பாருப்பா" என்றார்.

மறுநாள் என்னைக் கடைக்கு அழைத்துப்போனார். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைக் கடைக்காரரின் கணினியிலேயே போட்டு, ஒவ்வொரு அடாப்டராகச் சொருகிப் பார்த்தார். மூன்றாவதில்தான் வைஃபை பெயர்கள் வந்தன. அதற்குள் கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "பொடவ வாங்க வர்றவங்க ஜரிகையச் சொரண்டி, உள்ள செவப்புப் பட்டு தெரியுதா, அசல்தானான்னு பாக்கறாங்க. இந்த ஊர்ல யாராவது கோச்சிக்கினாங்களா?" என்று கேட்டார் பாய். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

அந்த அடாப்டர் போன மாதம் பழுதானது. அதே பெயரில் ஒன்று கடையில் இருந்தது. டப்பாவின் முன்பக்கத்தைப் படம் எடுத்து, "இது ஓகேவா?" என்று பாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. "இன்னா பாய், பாத்துட்டு சும்மா இருக்கறீங்க" என்று கோபமாக இன்னொன்றும் அனுப்பிவிட்டு வாங்கி வந்தேன். நெஞ்சுவலியோடு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள்தான் யாஸ்மினின் அந்த போன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "நீங்க அனுப்புன படத்த அத்தாகிட்ட காட்டினேன் மாமா. 'டப்பாவத் திருப்பி, பின்னாடி படம் எடுத்து அனுப்பச் சொல்லு. வெர்ஷன் மாறினா சிப்பும் மாறிடும்'னாரு. உடனே டாக்டர் வந்துட்டாரு. உங்களுக்குச் சொல்ல மறந்தே போச்சு" என்றாள் யாஸ்மின். பரவாயில்லைம்மா என்றேன். அப்போதும் அழுகை வரவில்லை.

வீட்டுக்கு வந்து, அதுவரை பிரிக்காமலே கிடந்த டப்பாவைத் திருப்பினேன். பழையது வெர்ஷன் ஒன்று, இது மூன்று. சொருகிப் பார்த்தேன், வைஃபை வரவில்லை. ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. பாய் செய்தபடி போனைக் கேபிளில் மாட்டித்தான் இப்போது வேலை ஓடுகிறது.

டப்பாவைத் திருப்பச் சொன்னதுதான் அவர் எனக்கென்று கடைசியாகச் சொன்ன சொல். அதைத்தான் வைத்திருக்கிறேன், மேசைமேல் அந்த டப்பாவையும். நேற்று அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அவர் எண்ணுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது.