மணலில் பதிந்த மூக்கு

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

காட்டில் சிறுத்தை, நரி மாதிரி வேட்டை விலங்குகள் எத்தனை நடமாடுகின்றன என்று கணக்கெடுப்பது என் வேலை. அவை நம் கண்ணில் படாது. அதனால் மணலைச் சலித்து, ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு வட்டமாகப் பரப்புவோம். நடுவில் வாசனை மருந்தில் நனைத்த பஞ்சு. மோப்பம் பிடித்து வரும் விலங்கு மணலில் கால் வைத்துவிட்டுப் போகும். விடிந்ததும் தடம் பார்ப்போம். வாசனை என்று பேர்தான், குடலைப் புரட்டும். "இந்த நாத்தத்துக்கு உனக்கு எவன்டி மாப்பிள்ளையா வருவான்?" என்று அக்கா சிரிப்பாள்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். அப்பா போனபிறகு எனக்கு எல்லாமே அத்தான்தான். அந்த வாரம் காட்டுக்குள் இருந்த விடுதியில் அவரும் நானும் மட்டுமே இருந்தோம்.

அன்று காலை கடும் பனி. பக்கத்து மரம்கூடத் தெரியவில்லை. ஜீப்பை நிறுத்திவிட்டு வட்டத்தருகே போனோம்.

விலங்குத் தடம் எதுவும் இல்லை. மனிதக் கால் இருந்தது. வெறுங்கால். வட்டத்தின் நடுவரை வந்திருந்தது. அங்கே இரண்டு முழங்கால் பள்ளங்கள். இரண்டு உள்ளங்கைகள். அவற்றுக்கு நடுவே... சின்னதாக ஒரு குழி.

மூக்கு.

எதுவோ மண்டியிட்டு, குனிந்து, மோந்து பார்த்திருக்கிறது. திரும்பிப் போன தடமே இல்லை.

"யாரோ விளையாடியிருக்காங்க, அத்தான்."

அவர் மணலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

நடுவில் பஞ்சு இல்லை. ஒரு நீலத் துணி கிடந்தது. எடுத்தேன். போன மாதம் அக்கா வீட்டில் கழற்றிப் போட்ட என் சட்டை. துவைக்கவே இல்லை.

"அத்தான்... இது என் சட்டை."

"மூணு மாசமா அது என் பின்னாலயே வருதும்மா. வேற ஆள் வாசத்தக் காட்டினா என்னை விட்டுடும்... எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அதுன்னா... எது?"

அவர் ஜீப்புக்கு ஓடினார். கதவு அறைந்து சாத்தப்பட்டது. என்ஜின் சத்தம் பனிக்குள் கரைந்தது.

"அத்தான்!" என்று கத்தினேன். கூப்பிட்ட வாயே கசந்தது.

பின்னால்... ஸ்ஸ்ஸ்...

மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். மறுபடி, ஸ்ஸ்ஸ்... உள்ளே மட்டும்தான் இழுத்தது. வெளியே விடவே இல்லை.

ஓடினேன். ஜீப் வந்த தடத்தைப் பிடித்தே திரும்பி ஓடினேன். விடுதிக்குள் புகுந்து தாழ் போட்டேன்.

கதவடி இடுக்கில்... ஸ்ஸ்ஸ்...

தரையில் கிடந்த தூசி நகர்ந்தது. வெளிப்பக்கமாக இழுபட்டுப் போனது.

மூலையில் வாசனை மருந்துப் பாட்டில். திறந்து தலைவழியே ஊற்றிக்கொண்டேன். வாயைப் பொத்தினேன்.

சத்தம் நின்றது.

இன்னொரு இழுப்பு. தயங்கியது...

பிறகு ஒன்றுமில்லை.

உச்சி வெயில்வரை நான் அசையவில்லை. ரோந்து வந்த காவலர்தான் என்னை ஊருக்குக் கூட்டிவந்தார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். கட்டியவன் செய்த துரோகத்தை இவளிடம் எப்படிச் சொல்வது, தாங்குவாளா என்று தவித்துக்கொண்டே எடுத்தேன்.

நான் பேசுவதற்குள் அவளே கேட்டாள். மெதுவாக.

"சட்டைய மோந்துடுச்சுல்ல?"

அக்காவே தொடர்ந்தாள்.

"அப்போ... இனிமே நம்ம வீட்டுப் பக்கம் வராதடி."