டைனமோவில் பாடிய கசெற்

போன மாதம் இங்கே கனடாவில் பல் வைத்தியரிடம் போய்க் காத்திருந்தபோது, கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வந்தது. பழைய நியூ வேவ் பாட்டு. ஒருகாலத்தில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஏதோ பிழையாகப் பட்டது. யாரோ துரத்துவதுபோல ஓடியது. கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது, அதன் சரியான வேகமே அதுதான். நான்தான் அதை மெதுவாகக் கேட்டுப் பழகியவன்.

பெரியம்மாவின் மகன் எண்பதுகளின் நடுவில் ஜேர்மனிக்குப் போய் அனுப்பிய கசெற்றில் இருந்த பாட்டு அது. அந்த இசையை எப்படிச் சொல்வது? கீபோர்ட், இயந்திரத்தில் தட்டிய மேளம், அதன்மேல் அறிவித்தல் வாசிப்பதுபோல ஒரு குரல். அழவேண்டிய இடத்திலும் அழாது. அதுதான் எனக்குப் பிடித்தது. அம்மா குசினியிலிருந்து, "தம்பி, உது பாட்டோ, இல்லாட்டி மிசின் பழுதாப் போச்சோ?" என்று கேட்பா. ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். மீதி வரிகளை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். அவை அப்படியொன்றும் மோசமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

தொண்ணூறில் போர் மூண்டு எங்கள் பக்கம் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. அப்போது நான் நீர்வேலியில் ஒரு ரியூற்றரியில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட, மிஞ்சியவன் அன்ரன் மட்டும்தான். கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். ஒரு பழைய சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, அதன் டைனமோவை என் ரேப் ரெக்கோடரோடு பொருத்தித் தந்தவன் அவன்தான். மிதித்தால் பாடும். களைத்தால் குரல் இழுபட்டு, பாடுகிற பெண் ஆணாகிவிடுவாள்.

தனியே மிதித்துக் கேட்க முடியாது. மூச்சிரைப்பில் பாட்டு அமுங்கிப்போகும். அதனால் பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு அன்ரன் வருவான்.

"நீ இரு. நான் மிதிக்கிறன்."

கடலேரிப் பக்கம் பார்த்தபடி, ஒன்றும் கதைக்காமல் மிதிப்பான். அவனும் பாட்டில் மூழ்கிவிட்டான் என்று நினைப்பேன். இதை விளங்கிக்கொள்ள எனக்கென்று ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்புத்தான் அந்த வருடங்களைத் தாண்ட வைத்தது.

ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாளும் கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா வாசலிலேயே சொன்னா: "அவன் வெளிநாடு போறதுக்கெண்டு கிளாலிக் கடலாலை படகிலை போயிட்டான் தம்பி. உம்மட்டைச் சொல்ல அவனுக்கு மனம் வரேல்லை. நீர் தனிச்சுப்போவீர் எண்டு."

சில நாள் தனியே மிதித்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது சைக்கிளும் கசெற்றும் வீட்டிலேயே நின்றுவிட்டன. பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது வீடும் இல்லை.

பல் வைத்தியரிடமிருந்து வந்ததும், பாரிஸிலிருக்கும் அன்ரனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், இண்டைக்கு எங்கடை பாட்டுக் கேட்டனான்."

"எந்தப் பாட்டு?"

விறைத்த வாயால் பாடிக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"ஓ, உதோ. எனக்கு அது ஒருநாளும் பிடிக்கேல்லையடா. கேக்கேக்கை உன்ரை முகம் கொஞ்சம் தெளியும். அதுக்குத்தான் மிதிச்சனான்."

அந்தப் பாட்டை என்னோடு சேர்ந்து கேட்டவன் என்று ஒருவன் முப்பது வருடமாக என்னிடம் இருந்தான். அன்றோடு அவன் இல்லாமல் போனான். மிதித்தவன் மட்டும், "ஹலோ, லைனிலை நிக்கிறியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.